கடையாணியும் நட்டும்

கிரேக்க நாட்டின் ஒலிம்பியா என்னும் தலத்திலே சீயஸ் பெருந்தெய்வத்துக்கு எடுக்கப்பட்ட கோயிலின் கிழக்கு முகப்பில், கி. மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஒரு தேர்ப்போட்டியைச் செதுக்கி வைத்தனர். போட்டி இன்னும் தொடங்கவில்லை. குதிரைகள் பூட்டப்பட்டு நிற்கின்றன; மன்னனும் அவனை எதிர்க்க வந்த இளைஞனும் நிமிர்ந்து நிற்கின்றனர். அச்சிற்பங்களை இன்றும் ஒலிம்பியா அரும்பொருட்காட்சிச்சாலையில் காணலாம். அவற்றின் பின்னணியிலுள்ள கதை கொடியது. பீசா நாட்டு மன்னன் ஒயினோமாவோஸ், தன் மகளை மணக்க விரும்புவோர் தன்னோடு தேரோட்டி வெல்லவேண்டும் என விதித்தான். தோற்றோரை ஈட்டியாற் குத்திக் கொன்றான். பெலோப்ஸ் என்னும் இளைஞன் வந்தபோது மன்னனின் தேர்ப்பாகனான மிர்த்திலோஸ் அவன் பக்கம் சாய்ந்தான். குதிரைகளுக்கு அவன் தீங்கு செய்யவில்லை, தேரை உடைக்கவுமில்லை. மன்னனுடைய தேரின் கடையாணிகளைக் கழற்றி, அவற்றின் இடத்தில் தேன்மெழுகினாற் செய்த ஆணிகளைச் செருகிவைத்தான் என்பது அக்கதையின் ஒரு வழக்கு. தேர் விரைந்தது, அச்சுச் சூடேறியது, மெழுகு இளகியது, சில்லுக் கழன்றது, மன்னன் மாண்டான்.

இக்கதையை முதலிற் சொன்னவர் யாராயினும் வண்டியின் இயல்பை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஒருவனை வீழ்த்த அவனது வாகனத்தில் எவ்விடத்தைத் தொட்டாற் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழ் நேயர்க்கும் இச்செய்தி புதிதன்று. போர்க்களத்தில் தசரதனின் தேர்ச்சில்லு கழலவிருந்த வேளையிலே கைகேயி தன் விரலை அச்சாணியாகச் செருகி அவனைக் காத்தாள் என்று கதாப்பிரசங்கம் செய்வோர் சொல்வதுண்டு. வான்மீகியின் நூலில் இந்த விரற்கதை இல்லை. காயமுற்ற கணவனைக் களத்தினின்றும் அப்பாற்கொண்டு சென்றாள் என்பதே அங்குள்ள செய்தி. எனினும் மக்கள் விரும்பி வைத்துக்கொண்டது விரற்கதையையே. வள்ளுவரும் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில், உருவிற் சிறியோரை இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியையே உவமையாக்கினார். புறநானூற்றில் ஒளவையார் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். உப்பு வணிகர் மேடு பள்ளம் நிறைந்த வழியிற் செல்லும்போது, உள்ள அச்சு முறிந்தாலும் முறியலாம் எனக் கருதி, வண்டியின் கீழே வேறோர் அச்சையும் கட்டிச் சென்றமையை அவர் பாடல் காட்டுகின்றது. சேம அச்சு என்பது அதன் பெயர். இக்காலத்தார் ஸ்பெயார் வீல் என்று கொண்டு செல்வதன் மூத்த உடன்பிறப்பு அதுவேயாகும்.

கடையாணி எவ்வாறு தொழில் செய்கின்றது? மரத்தாலான வண்டியில் அச்சு அசையாது நிற்க, சில்லு அதன்மேற் சுழல்கின்றது. சில்லு வெளியே வழுகிச் செல்லாதபடி அச்சின் கடைக்கோடியில் ஒரு துளையிட்டு அதிலே ஆணி செருகப்படுகின்றது. அவ்வாணி சில்லை இறுக்கிப் பிடிப்பதில்லை. வழிமறித்து நிற்கின்றது, அவ்வளவே. துளையில் அது சற்றுத் தளர்ந்திருந்தாலும் தன் கடமையைச் செய்யும். அது இருக்கின்றதா இல்லையா என்பதை வண்டிக்காரன் ஒரே பார்வையில் அறிந்துகொள்வான். மாடு பூட்டுமுன் குனிந்து பார்த்தல் அவனுக்கு வழக்கம். பார்வையே அக்காலத்துப் பாதுகாப்பு.

நட்டு என்னும் பொருள் வந்தபோது இந்த வசதி மறைந்தது. இம்மாற்றம் எவ்வளவு பெரிது என்பது அப்போது எவருக்கும் தோன்றியிருக்காது.

திருகுமரை பழைமையானதே. திராட்சையும் ஒலிவமும் பிழிந்த உரோமர் மரத்தாலான பெருந்திருகுகளைக் கையாண்டனர். ஆனால் உலோக ஆணியில் மரைவெட்டி, அதற்குப் பொருந்தும் நட்டைத் திருகிப் பொருள்களைப் பிணைக்கும் முறை எங்கும் பரவுவதற்கு, ஒரே அளவான மரையை மீண்டும் மீண்டும் வெட்டவல்ல பொறி வேண்டியிருந்தது. இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தகைய கடைசற்பொறியைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் தொழில் பயின்றவர்களுள் ஒருவர் ஜோசப் விட்வேர்த். அக்காலத்திலே ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரையளவு இருந்தது. ஓரிடத்தில் செய்த ஆணிக்கு மற்றோரிடத்து நட்டுப் பொருந்தாது. விட்வேர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து ஒப்பிட்டு, அவற்றின் சராசரியைக் கண்டு, மரையின் கோணம் 55 பாகையாக இருத்தல் வேண்டும் என 1841ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். 1864இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையே சிறந்தது என்றார். இந்த ஐந்து பாகை வேறுபாட்டினால் இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகள் பட்ட இடர் கொஞ்சமன்று. ஒரு நாட்டின் நட்டு மறு நாட்டின் ஆணியில் ஏறவில்லை. 1948இற்றான் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் ஒரே மரையளவுக்கு உடன்பட்டன.

அளவுகளை ஒருமைப்படுத்தியது பெருஞ்சாதனைதான். ஆயினும் நட்டைப் பற்றிய உண்மையான புதிர் வேறிடத்தில் இருந்தது. இறுக்குதல் என்றால் என்ன? ஸ்பானரைப் பிடித்துத் திருப்புவோன் தான் நட்டை அழுத்துவதாகவே எண்ணுகின்றான். உண்மையில் அவன் ஆணியை நீட்டுகின்றான். நட்டுத் தன் இருக்கையிற் படிந்தபின் மேலும் திருப்பப்படும்போது, உருக்காணி மயிரிழையளவு நீளுகின்றது. இழுக்கப்பட்ட வில்லின் நாண்போல அது பழைய நீளத்துக்கு மீள முயல்கின்றது. அந்த மீளும் முயற்சியே சில்லையும் அதனைத் தாங்கும் குடத்தையும் ஒன்றோடொன்று நெருக்கி, உராய்வினால் அசையாது வைத்திருக்கின்றது. ஆகவே கடையாணி தன் இருப்பினால் காக்க, நட்டோ தான் ஆணியில் உண்டாக்கிய இழுவிசையினால் காக்கின்றது. இருப்பு கண்ணுக்குத் தெரியும். இழுவிசை தெரியாது. நன்கு இறுகிய நட்டும் விரலால் மட்டும் திருகிவிடப்பட்ட நட்டும் தூரத்திலிருந்து பார்ப்போனுக்கு ஒன்றே.

இரண்டே சில்லுகளில் ஓடும் வாகனத்துக்கு இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாயிற்று. நான்கு சில்லுடைய வண்டியில் ஒன்று கழன்றால் வண்டி சரியும். ஓட்டுநன் பிழைக்க வழியுண்டு. மோட்டார் சைக்கிளில் முன்சில்லுக் கழன்றவன் அடுத்த கணம் வீதியிற் கிடப்பான்.

ஜேர்மனியின் கன்ஸ்டாட் நகரில் 1885இல் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த முதலாவது மோட்டார் இருசில்லி, ஏறத்தாழ அரைக் குதிரைவலுவே கொண்டது. அதன் சட்டமும் சில்லுகளும் மரம். சில்லுகளுக்கு இரும்புப் பட்டம். விழாதிருக்க இரு பக்கத்திலும் சிறு சில்லுகள் வேறு. அதனை மோட்டார் சைக்கிளின் மூதாதை என்பதிலும், எந்திரம் பொருத்திய மாட்டுவண்டியின் மருமகன் என்பது பொருந்தும். மூல வண்டி 1903இல் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. 1894இல் மியூனிக் நகரில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட ஹில்டபிராண்ட்–வொல்ப்முல்லர் வண்டியே காற்றடைத்த டயரும் கம்பி ஆரங்களும் கொண்டு, சைக்கிளின் வழியைத் தழுவியது. அதன் பின்னர் வந்த மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. ஒரு நீண்ட அச்சுத்தண்டு சில்லின் நடுவாற் புகுந்து மறுபுறம் வெளிவர, அதன் முனையில் ஒரு பெரிய நட்டு முறுக்கப்படும்.

பின்சில்லில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. அதனைச் சுழற்றும் சங்கிலி ஓடஓடத் தேய்ந்து நீளும். அதனை மீண்டும் விறைப்பாக்குவதற்கு, அச்சு நட்டைத் தளர்த்திச் சில்லைச் சற்றுப் பின்னே தள்ளி, இருபுறமும் நேராக்கி, மறுபடியும் இறுக்கவேண்டும். காரின் சில்லு நட்டுப் பல மாதங்களுக்குத் தொடப்படாமலே இருக்க, மோட்டார் சைக்கிளின் பின்னச்சு நட்டோ அடிக்கடி மனிதக் கைபட்டுத் தளர்ந்து இறுகுகின்றது. இடையில் ஓர் அழைப்பு வந்தால், மழை வந்தால், தேநீர் வந்தால், இறுக்குதல் பாதியில் நின்றுவிடும் அபாயமும் அத்தனை முறை உண்டு. இதனை உணர்ந்த தொழில்வல்லார் பழைய கடையாணியையே மீண்டும் அழைத்து வந்தனர். நட்டின் தலையைக் கோட்டை மதில்போல வெட்டுகளோடு செய்து, அச்சுத்தண்டிலும் துளையிட்டு, இரண்டினூடாகவும் ஸ்பிளிட் பின் எனப்படும் பிளந்த கம்பியைச் செலுத்தி முனைகளை வளைத்துவிட்டனர். இறுக்குவது நட்டின் தொழில். நட்டு முற்றாகக் கழலாது தடுப்பது கம்பியின் தொழில். ஒரு சதமும் பெறாத அக்கம்பியைத் தொலைந்தது தொலைந்ததாக விட்டுவிடும் பட்டறைகள் இருக்கின்றன என்பது வருந்தத்தக்கது.

வேறு சிலர் மரையின் திசையில் தீர்வைத் தேடினர். சைக்கிளின் இடது மிதி இடமரை கொண்டது என்பதை அதனைக் கழற்ற முயன்று கை வருந்தியோர் அறிவர். அது இயல்பாகச் சுழலும்போது கழன்றுவிடாதிருக்கவே அந்த ஏற்பாடு. அமெரிக்கக் கிரைஸ்லர் கார்களில் 1960களிலும் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இடமரையாகவே இருந்தன. இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்த ரட்ஜ்–விட்வேர்த் நிறுவனம், நடுவில் ஒரே ஒரு பெருநட்டினாற் பிணைக்கப்பட்டு விரைவிற் கழற்றக்கூடிய கம்பிச்சில்லைக் கார்களுக்கு ஆக்கியது. அதன் வேகத்துக்கு அஞ்சியோ என்னவோ, 1908ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பெரும்போட்டியில் அச்சில்லுக்கு அனுமதி மறுக்கப்பட, நேப்பியர் குழுவினர் போட்டியிலிருந்தே விலகினர். அந்த நடுநட்டில் மரையின் திசை கிரைஸ்லர் முறைக்கு நேர்மாறு: இடப்பக்கத்துக்கு வலமரை, வலப்பக்கத்துக்கு இடமரை. நட்டுத் தன் இருக்கையில் ஊர்ந்து நகரும் விதம் வேறானமையின் இரு சாராரும் தத்தமக்குச் சரியே. ஆயினும் போதிய இழுவிசையோடு இறுகிய நட்டுக்கு எத்திசை மரையாயினும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று பெரும்பாலான கார்களில் இருபக்கமும் வலமரையே உள்ளது.

காரின் சில்லைப் போலப் பல நட்டுகளினாற் பிணைக்கும் முறையை இருசில்லி வாகனத்துக்குப் பெருமளவிற் கொண்டுவந்தது இத்தாலியின் வெஸ்பா. அதனை வரைந்த கொராடினோ டஸ்கானியோ விமானப் பொறியியலாளர். 1930இல் ஹெலிகொப்டர் ஒன்றைப் பறக்கச்செய்து சாதனை நாட்டியவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காத வாகனம். சங்கிலியின் எண்ணெய் ஆடையிற் படுவதும், டயர் பழுதானால் சில்லைக் கழற்றுவதற்கு அரைநாள் போவதும் அவருக்கு ஒவ்வாதன. எனவே விமானத்தின் இறங்குசில்லைப் போல, ஒருபுறத்துத் தாங்கியில் மட்டும் முன்சில்லைப் பொருத்தினார். சில நட்டுகளைக் கழற்றினாற் சில்லுக் கையோடு வந்துவிடும். 1946 ஏப்ரல் 23இல் அவ்வமைப்புக்குக் காப்புரிமை கோரப்பட்டது. முதல் வெஸ்பா 98 கனசென்ரிமீற்றர் எந்திரம் உடையது. பின்வந்தவற்றில் ஒரு சேமச் சில்லும் கூடவே சென்றது. உப்பு வணிகர் கண்டால் மகிழ்ந்திருப்பர்.

ஆயின் வசதியோடு ஓர் ஆபத்தும் வந்தது. வெஸ்பாவின் சில்லு வளையம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு நட்டுகளினாற் சேர்க்கப்பட்டது. சில்லைக் குடத்தோடு பிணைக்கும் நட்டுகள் வேறு; வளையத்தின் இரு பாதிகளையும் பிணைக்கும் நட்டுகள் வேறு. டயரில் காற்று இருக்கும்போதே பின்னவற்றைத் தளர்த்தியவன் கையில் இரு பாதிகளும் வெடித்துப் பிரியும். எந்த நட்டு எதனைப் பிடித்திருக்கின்றது என்பதை அறியாது ஸ்பானரை எடுத்தல் ஆகாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தியாவிலே பஜாஜ் நிறுவனம் உரிமம் பெற்று வெஸ்பாவைச் செய்தது. அதன் வழித்தோன்றல்களான முச்சக்கர வண்டிகள் இலங்கை வீதிகளிலும் நிறைந்தன. அவற்றின் சிறு சில்லுகளும் நட்டுகளை நம்பியே ஓடுகின்றன. பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் பிற்காலத்தில் ஒருபுறத் தாங்கி இடம்பெற்றது. 1980இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் வண்டியொன்றில் பின்சில்லு காரினது போல ஆணிகளினாற் பிணைக்கப்பட்டது. 1994இல் வந்த டுகாட்டி 916 ஒரே பெருநட்டைக் கொண்டது. அந்த நட்டிலும் ஒரு வளைகம்பி குறுக்கே செருகப்படும். கடையாணி அங்கேயும் விடைபெறவில்லை.

நட்டுத் தளர்ந்தால் நேர்வது என்ன? சில்லு உடனே கழன்று ஓடிவிடும் எனப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் அவ்வாறன்று. இழுவிசை குறைந்ததும் சில்லு குடத்தின்மேல் நுண்ணளவில் வழுகத் தொடங்குகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் ஆணி ஒருமுறை வளைந்து நிமிர்கின்றது. மோட்டார் சைக்கிளின் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஐந்நூறு தடவைக்கு மேற் சுழலும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அப்பயணத்தில் ஆணி ஒன்றரை இலட்சம் முறைக்கு மேல் வளையும். வலிய உருக்கும் சிறு வளைவுகள் பன்முறை நேர்ந்தால் முறியும் என்ற உண்மையை உலகம் பெருந்துயரின் வாயிலாகவே கற்றது. 1842 மே 8ஆந் திகதி வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எந்திர அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றி, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி டுமொன்ட் டுர்வில் தம் மனைவி மகனோடு அதிலே மடிந்தார். பின்னர் ஜேர்மானியரான ஔகுஸ்ட் வோலர் இரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்காகச் சோதித்து, உலோகம் களைப்புறும் விதத்தை எண்களால் விளக்கினார்.

அது ஆணி முறிதலைப் பற்றியது. நட்டுத் தானே திரும்பிக் கழல்வது ஏன் என்பதற்கு விடை 1969இலேதான் தெளிவாகக் கிடைத்தது. கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜேர்மன் பொறியியலாளர் அதிர்வுப்பொறியொன்றில் நட்டுகளைச் சோதித்தார். ஆணியின் நீளவாக்கில் வரும் அதிர்வு அத்துணைத் தீங்கு செய்வதில்லை. குறுக்குவாக்கில் வரும் நுண்வழுகலே மரையின் உராய்வை விடுவித்து நட்டைத் தளர்த்துகின்றது என அவர் காட்டினார். சுருள் வாஷர் போட்டுவிட்டோம் என நிம்மதி அடைந்திருந்தவர்களுக்கு அது நல்ல செய்தியன்று. வழுகலைத் தடுப்பது போதிய இழுவிசையேயன்றி வேறில்லை.

எனவே அளவிட்டு இறுக்கும் தேவை எழுந்தது. நியூயோர்க் நகரின் நீர் வழங்கற் பகுதியில் வேலைசெய்த கொன்ராட் பார் என்பார், நிலத்தடிக் குழாய்களின் ஆணிகள் மிகையாக இறுக்கப்பட்டு முறிவதைத் தடுப்பதற்காக, முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானரை 1918இல் ஆக்கினார் என்பர். டோர்க் ரென்ச் என்று பட்டறைகள் சொல்வது இதனையே. அதுவும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. கை செலுத்தும் முறுக்கிற் பாதியளவு நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், எஞ்சியதில் பெரும்பகுதி மரையின் உராய்விலும் போய்விட, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆணியை நீட்டுகின்றது. மரையில் துருவோ மணலோ இருந்தால் அந்தப் பங்கும் குறையும். எண்ணெய் பூசினால் அது மிகுந்து ஆணியே அறக்கூடும். செய்தவர் தம் கைந்நூலில் தரும் அளவு, அவர் குறித்த நிலையிலுள்ள மரைக்கே பொருந்தும். சில்லுக்கும் குடத்துக்கும் இடையே தடித்த வர்ணப்பூச்சு இருந்தால், ஓடும்போது அது நசுங்கி இழுவிசையைத் தின்றுவிடும். புதிதாகப் பூட்டிய சில்லை ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சரிபார்க்கச் சொல்வது இதனாலேயே. பல நட்டுகள் இருப்பின் ஒன்றுக்கொன்று எதிரானவற்றை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குவதும், சில்லு ஒருபுறம் சாய்ந்து படியாதிருக்கவே.

இலங்கைத் தமிழர் பலர் குடியேறிய கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 1990களின் நடுப்பகுதியில், பெருவீதிகளில் ஓடிய லொறிகளின் சில்லுகள் கழன்று பறந்து எதிரே வந்தோரின் உயிரைக் குடித்தன. ஓட்டிச் சென்றவனுக்கு ஒன்றும் நேராது. எங்கோ வந்துகொண்டிருந்த ஒருவர் மாள்வார். 1997இல் அம்மாகாண அரசு கடுஞ்சட்டம் இயற்றியது. வணிக வாகனத்தின் சில்லுக் கழன்றால், தக்க கவனம் எடுத்தேன் என்ற வாதம் செல்லாது, கழன்றதே குற்றம். தண்டம் 2,000 டொலர் முதல் 50,000 டொலர் வரை. இது நீதிக்கு ஒவ்வாதென ஒரு நிறுவனம் வழக்குரைத்தும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003இற் சட்டத்தையே நிலைநிறுத்தியது. கவனமாக இருந்தவனையும் தண்டிக்கும் சட்டம் கொடிது எனத் தோன்றலாம். ஆனால் நட்டின் இறுக்கம் எவர் கண்ணுக்கும் தெரியாதது. கவனித்தேன் என்னும் சொல்லுக்குச் சாட்சி ஏது என்ற கேள்விக்கு அச்சட்டத்தை எதிர்ப்போரிடம் எளிதான விடை இல்லை.

தெரியாததைத் தெரியச்செய்ய எளிய உபாயம் ஒன்றும் பிறந்தது. லொறிகளிலும் பஸ்களிலும் சில்லு நட்டுகளின்மேல் மஞ்சள் நிறமான சிறு பிளாஸ்டிக் அம்புகள் மாட்டப்பட்டிருக்கும். இறுக்கியபின் அடுத்தடுத்த அம்புகள் ஒன்றையொன்று நோக்குமாறு வைக்கப்படும். ஏதேனும் ஒரு நட்டுத் திரும்பினால் அதன் அம்பு வேறு திசை காட்டும். ஓட்டுநன் குனிந்து ஒருமுறை பார்த்தாற் போதும். மோட்டார் சைக்கிளின் அச்சு நட்டுக்கு அத்தகைய அம்பு பொருந்தாது. பந்தய வண்டிகளைக் கவனிப்போர் நட்டில் நுண்துளையிட்டு மெல்லிய கம்பியால் அதனைக் கட்டிவிடுவர். இது விமானத் தொழிலிலிருந்து வந்த வழக்கம். ஏனைய பட்டறைகளில், அளவிட்டு இறுக்கி ஸ்பிளிட் பின்னையும் செருகியபின், நட்டிலிருந்து அச்சுத்தண்டின் முகம்வரை வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுப்பதுண்டு. நட்டு அசைந்தாற் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். வண்டியை எடுக்குமுன் அதன் சொந்தக்காரர் அந்த இடத்தைக் குனிந்து பார்க்கின்றார்.